கவுன்சலிங் முறையில் வேற்றுமொழி வகுப்பு நடத்துவது எப்படி? முழுமையான வழிகாட்டி

இந்த முறையில் பாடப்புத்தகம் கிடையாது. மாணவர்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவரிடம் ஒருவர் பேச நினைப்பதைத் தாய்மொழியில் சொல்கிறார்கள். பின்னால் நிற்கும் ஆசிரியர் அதைக் கற்கும் மொழியில் எடுத்துக்கொடுக்கிறார். மாணவர் அதைத் தன் வாயால் சொல்ல, அது பதிவாகிறது. அந்தப் பதிவுதான் அன்றைய பாடம். உளவியல் ஆலோசகரான சார்ல்ஸ் கரன் வகுத்த இந்த முறைக்குக் ‘கம்யூனிட்டி லாங்குவேஜ் லேர்னிங்’ என்று பெயர். ஆலோசனைக்கு வருபவரிடம் ஆலோசகர் நடந்துகொள்ளும் விதத்தை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார் அவர்.

புதிதாக இதை நடத்துபவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் வரிசையில்தான். ஒவ்வொரு படியையும் தனித்தனியாக நன்றாகவே செய்வார்கள். ஆனால் கேட்க வேண்டிய நேரத்தில் எழுதுவார்கள், அசைபோட வேண்டிய நேரத்தில் திருத்துவார்கள். அதனால் ஒவ்வொரு படியும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். நான் தமிழ் பேசுபவர்களுக்கு ஜெர்மன் கற்பிப்பதால் உதாரணங்களும் அதிலிருந்தே வரும். வகுப்பில் ஜெர்மனை அதன் எழுத்திலேயே எழுதுவேன். இங்கே ஒலியை மட்டும் தமிழில் தருகிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை நீங்கள்தான். மாணவர்களின் தாய்மொழியும் கற்பிக்கும் மொழியும் உங்களுக்குச் சரளமாக வர வேண்டும். மாணவர் எதைச் சொல்வார் என்று முன்கூட்டித் தெரியாது. “மாமியாரோட மனஸ்தாபம்” என்று ஒருவர் ஆரம்பித்தால் அந்த நொடியே அது இயல்பான ஜெர்மனாக வர வேண்டும். அகராதியைப் புரட்டும் நிலையில் இருந்தால் இந்த முறையைத் தள்ளிப்போடுங்கள். மாணவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு தாய்மொழி இல்லாத குழுவுக்கும் தொடக்க நிலையில் இது சரிவராது.

குழுவில் 6 முதல் 8 பேர் இருந்தால் நல்லது. 12-க்கு மேல் போனால் ஒருவருக்கு வாய்ப்பு வருவதற்குள் அவர் சொல்ல நினைத்ததே ஆறிப்போய்விடும். ஒரு வகுப்புக்கு 2 மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு மணி நேரத்தில் நடத்தப் பார்த்தவர்கள் எல்லோரும் கடைசிப் படியைத்தான் வெட்டினார்கள். வெட்டக் கூடாத படியும் அதுதான்.

ஒலிப்பதிவுக்குக் கைபேசி போதும். ஆனால் அதில் பதிவை நிறுத்தி, அதே கோப்பில் தொடரும் வசதி இருக்கிறதா என்று முந்தின நாளே சோதித்துவிடுங்கள். நான் முதன்முதலில் நடத்தியபோது இதைப் பார்க்கவில்லை. தமிழ், கிசுகிசுப்பு, சிரிப்பு, நாற்காலிச் சத்தம் எல்லாம் பதிவாகி, அதற்கு நடுவே ஜெர்மனைத் தேட வேண்டியிருந்தது. மாணவர்கள் தாங்கள் பேசியதைக் கேட்கவே இல்லை, தடுமாறியதைத்தான் கேட்டார்கள்.

2. என்ன நடக்கப்போகிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்

நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். நடுவில் சிறிய மேசை, அதன்மேல் பதிவுக் கருவி. உங்களுக்கு நாற்காலி வேண்டாம். உங்கள் இடம் வட்டத்துக்கு வெளியே.

பிறகு அன்றைய படிகளை நேரக் கணக்கோடு சொல்லுங்கள். “இன்னைக்கு 10 நிமிஷம் பேசப் போறீங்க. என்ன பேசறதுங்கறது உங்க விருப்பம். அப்புறம் அதைக் கேட்கப் போறோம், எழுதப் போறோம். பரீட்சை கிடையாது.” இவ்வளவு போதும். அறிமுகமில்லாத மொழியின் முன் வளர்ந்தவர்களும் குழந்தையாகிவிடுகிறார்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால் பாதிப் பயம் கழிகிறது. இந்த முறையில் பாதுகாப்பு உணர்வுதான் முதல் நிபந்தனை. கவனம், ஊக்கத்தோடு முன்வருதல், நினைவில் நிறுத்துதல், அசைபோடுதல், நுணுக்க வேறுபாடுகளைக் காணுதல் எல்லாம் அதற்குப் பின்னால்தான் வரும்.

இந்த இடத்தில் முறையின் பெருமையை விளக்காதீர்கள். ஒரு புது ஆசிரியர் 25 நிமிடம் விளக்கினார். மாணவர்கள் நோட்டைத் திறந்து குறிப்பெடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அவரவர் பழைய மாணவ வேஷத்துக்குத் திரும்பிவிட்டால் அவர்களை மறுபடி பேச வைப்பது பெரும்பாடு.

ஜெர்மன் போல ‘நீ’, ‘நீங்கள்’ வேறுபாடு உள்ள மொழியானால், வட்டத்துக்குள் எதைப் பயன்படுத்துவது என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும். வயதில் மூத்தவர் இருக்கும் குழுவில் நீங்களாக ‘நீ’ போட்டுக்கொடுத்தால் சொல்பவர் கூசிப்போவார்.

3. பேச்சும் பதிவும்

யாராவது பேச நினைத்தால் கையைத் தூக்க வேண்டும். நீங்கள் போய் அவர் பின்னால் நில்லுங்கள். அவர் சொல்ல வந்ததைத் தமிழில், மற்றவர்களுக்கும் கேட்கும்படி சொல்கிறார். பொருள் எல்லோருக்கும் முதலில் தெரிந்துவிடுவதால், அடுத்து வரும் அந்நிய ஒலி யாரையும் மிரட்டாது. பிறகு நீங்கள் அதை ஜெர்மனில், துண்டு துண்டாக, அவர் காதருகே தாழ்ந்த குரலில் கொடுக்கிறீர்கள். அவர் ஒவ்வொரு துண்டையும் சொல்லிப் பார்க்கிறார். தயாரானதும் பதிவைத் தொடங்கி, தான் பேச நினைத்தவரைப் பார்த்து முழு வாக்கியத்தையும் சொல்லிவிட்டுப் பதிவை நிறுத்துகிறார். கருவி அவர் கையில் இருக்க வேண்டும். எப்போது பதிவாக வேண்டும் என்பது அவருடைய முடிவு.

நீங்கள் முன்னால் நிற்காததற்குக் காரணம் எளிது. ஆசிரியர் கண்ணில் பட்டால் மாணவர் ஆசிரியரிடம் பேசுவார். பின்னால் நின்றால் எதிரே இருக்கும் மனிதரிடம் பேசுவார். மாணவரின் தோளில் கைவைத்து நிற்பதும் இந்த முறையில் வழக்கம்தான். நான் அதைச் செய்வதில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாலே நான் வந்து நிற்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

துண்டு எவ்வளவு நீளம்? ஒரு மூச்சுக்குள் அடங்கவும் வேண்டும், பொருளும் இருக்க வேண்டும். “நேத்து நான் சரியாத் தூங்கலை” என்று ஒருவர் சொன்னால் நான் கொடுப்பது: “கெஸ்டர்ன்… ஹாபெ இஹ்… நிஹ்ட் கூட்… கெஷ்லாஃபென்.” நான்கு துண்டு. ஒவ்வொரு சொல்லாகக் கொடுத்தால் ஓசை உடைந்துவிடும். மாணவர் தந்தி வாசிப்பது போலப் பேசுவார். ஒரே மூச்சில் கொடுத்தால் பாதியில் கைவிட்டுவிடுவார். இரண்டு முறை முயன்றும் வரவில்லை என்றால் துண்டைச் சுருக்குங்கள். நீளமான சொல்லாக இருந்தால் கடைசி அசையிலிருந்து தொடங்கி, அதற்கு முந்தைய அசைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு வாருங்கள்.

மொழிபெயர்க்கும்போது அவர் சொன்னதை அழகுபடுத்தாதீர்கள். “ரொம்பக் கடுப்பா இருக்கு” என்றவருக்கு “சற்று வருத்தமாக உள்ளது” என்று கொடுத்தால் அந்த வாக்கியம் உங்களுடையதாகிவிடும். சொல்ல நினைப்பது அவருடையது, மொழி மட்டுமே உங்களுடையது. இந்த ஒன்று தளர்ந்தால் மீதிப் படிகள் எல்லாம் வெறும் சடங்கு.

இனி, மௌனம். முதல் வகுப்பில் யாரும் வாயைத் திறக்காமல் இரண்டு மூன்று நிமிடம் போகும். அந்த நேரம் உங்களுக்கு யுகமாகத் தெரியும். “குடும்பத்தைப் பத்திப் பேசுங்களேன்” என்று தலைப்பு எடுத்துக்கொடுக்கத் துடிக்கும் நாக்கை அடக்குங்கள். நீங்கள் தலைப்புக் கொடுத்த கணத்தில் பேச்சுக்கான பொறுப்பு உங்களிடம் வந்துவிடும். அடுத்த மௌனத்தில் எல்லோரும் உங்களைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். நான் நடத்திய குழுக்களில் யாரும் கடைசிவரை பேசாமலே இருந்ததில்லை. ஒருமுறை நீண்ட மௌனத்துக்குப் பிறகு ஒருவர் கேட்டது: “ஏன் யாருமே பேச மாட்டேங்கறீங்க?” அதுவே அன்றைய முதல் வாக்கியமாயிற்று.

10 நிமிடம் முடிந்ததும், பேச்சு சூடுபிடித்திருந்தாலும் நிறுத்துங்கள். முதல் நாளில் அதற்கு மேல் சேர்த்தால் அடுத்த படிகளில் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க முடியாது.

4. “எப்படி இருந்தது?”

பதிவை உடனே ஓடவிடாதீர்கள். முதலில் தாய்மொழியில் 5 நிமிடம் பேசவிடுங்கள்: “இப்ப நடந்தது எப்படி இருந்தது?” மனதில் இருக்கும் படபடப்பைக் கொட்டிய பிறகுதான் காது திறக்கும். இதைத் தவிர்த்தால் பதிவைக் கேட்கும்போது ஒவ்வொருவரும் தன் குரலை நினைத்துக் கூசிக்கொண்டிருப்பார். மொழி காதில் ஏறாது. இங்கே எப்படிப் பதில் சொல்வது என்பதை 8-ஆம் படியில் விரிவாகச் சொல்கிறேன்.

5. முதலில் கேட்பது, பிறகுதான் எழுதுவது

முழுப் பதிவையும் ஒருமுறை நிறுத்தாமல் போடுங்கள். 10 நிமிடப் பேச்சு ஒன்றரை நிமிடமாகச் சுருங்கியிருக்கும். ஆனால் அது கோவையான ஜெர்மன் உரையாடல், பேசியவர்கள் இவர்களே. மலர்ந்த முகங்களை இந்தப் படியில்தான் பார்ப்பீர்கள்.

இரண்டாம் முறை வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்துங்கள். சொன்னவரே அதன் பொருளைத் தமிழில் நினைவுகூரட்டும். அவருக்கு மறந்திருந்தால் மற்றவர்கள் சொல்லட்டும். யாருக்கும் நினைவில்லை என்றால் மட்டும் நீங்கள் சொல்லுங்கள்.

பலகையில் எழுத வேண்டும் என்று கை அரிக்கும். பொறுங்கள். எழுத்தைப் பார்த்துவிட்டால் மாணவர் காதை மூடிக்கொண்டு கண்ணால் படிக்கத் தொடங்குவார், அதுவும் தனக்குத் தெரிந்த ஆங்கில உச்சரிப்பில். ஜெர்மன் எழுத்தும் ஆங்கில எழுத்தும் ஒன்றுபோல இருப்பதால் இந்த ஆபத்து இரட்டிப்பு.

6. பலகையில் எழுதுவது

முதல் நாளில் 8 வாக்கியத்துக்கு மேல் எழுத வேண்டாம். பதிவை வாக்கியம் வாக்கியமாக ஓடவிட்டு எழுதுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் நேர் கீழே அதன் பொருளைத் தமிழில் எழுதுங்கள். சரளமான மொழிபெயர்ப்பு வேண்டாம். சொல்லுக்குச் சொல் போதும்.

இஹ் / பின் / ஹொய்டெ / ஸேர் / ம்யூடெ
நான் / இருக்கிறேன் / இன்று / மிக / களைப்பாக

கெஸ்டர்ன் / ஹாபெ / இஹ் / நிஹ்ட் / கூட் / கெஷ்லாஃபென்
நேற்று / வைத்திருக்கிறேன் / நான் / இல்லை / நன்றாக / தூங்கிய

மியர் / இஸ்ட் / கால்ட்
எனக்கு / இருக்கிறது / குளிராக

எழுதி முடித்ததும் நகர்ந்து நின்று, “எதாவது கண்ணுல படுதா?” என்று மட்டும் கேளுங்கள். இலக்கணம் நடத்தத் தொடங்காதீர்கள். ஒரு வகுப்பில் ஒருவர் மூன்றாம் வாக்கியத்தைக் காட்டி, “அட, நம்ம ‘எனக்கு’ மாதிரியே இருக்கே!” என்றார். இன்னொருவர் உடனே, “அப்போ ‘எனக்குப் பசிக்குது’ன்னா?” என்று கேட்டார். அதற்கு ஜெர்மனில் “இஹ் ஹாபெ ஹுங்கர்”, அதாவது ‘நான் பசி வைத்திருக்கிறேன்’ என்று வரும். இரண்டையும் அடுத்தடுத்து எழுதினேன். ஐந்து நிமிடம் அவர்களே வாதாடினார்கள். நான் விளக்கியிருந்தால் அது எனக்குத் தெரிந்த இன்னொரு விதியாக நின்றிருக்கும்.

வினைச்சொல் இரண்டாம் இடத்தில் நிற்பதையும் யாராவது ஒருவர் கண்டுபிடிப்பார். முதல் நாளில் யாரும் காணவில்லையா? விட்டுவிடுங்கள். ஒவ்வொரு பதிவிலும் அது திரும்பத் திரும்ப வரும்.

கடைசியாக, அவர்கள் கண்ணை மூடிக்கொள்ள, எழுதிய வாக்கியங்களை நீங்கள் இயல்பான வேகத்தில் மூன்று முறை வாசியுங்கள். அதுவரை யாரும் நோட்டில் எழுதாமல் இருப்பது நல்லது. எழுதுகிற கை இருந்தால் பார்க்கிற கண் இருக்காது. வாசித்த பிறகு பிரதி எடுத்துக்கொள்ளட்டும்.

7. மனிதக் கம்ப்யூட்டர், பிறகு புது வாக்கியங்கள்

இது உச்சரிப்புப் பயிற்சி. மாணவர் பலகையிலிருந்து ஒரு சொல்லையோ வாக்கியத்தையோ தேர்ந்தெடுத்துச் சொல்கிறார். நீங்கள் அவர் பின்னால் நின்று அதையே சரியாகச் சொல்கிறீர்கள். அவர் மறுபடி சொன்னால் நீங்களும் மறுபடி. எப்போது தொடங்குவது, எத்தனை முறை, எப்போது நிறுத்துவது எல்லாம் அவர் கையில். அவர் இயக்கும் கருவிதான் நீங்கள்.

குரலில் எந்த மாற்றமும் கூடாது. அவர் “நிக்ட்” என்றாலும் “நிஹ்ட்” என்றாலும் உங்கள் “நிஹ்ட்” ஒரே மாதிரி வர வேண்டும். அழுத்திச் சொல்வதும் திருத்தம்தான். மாணவர்கள் அதைச் சட்டென்று உணர்ந்துவிடுவார்கள். நான் பார்த்த ஒரு வகுப்பில் மாணவி ஒருவர் “இஹ்” என்ற ஒரே சொல்லைப் பத்துப் பன்னிரண்டு முறை சொல்லிக்கொண்டிருந்தார். ஆசிரியருக்குப் பொறுமை போய், “சரியா வந்துடுச்சு, அடுத்ததுக்குப் போகலாம்” என்று பாராட்டும் தொனியில்தான் சொன்னார். அந்த மாணவி அதற்கப்புறம் அன்று கையே தூக்கவில்லை. சரியா தவறா என்று சொல்ல ஒருவர் வந்துவிட்ட பிறகு அது கம்ப்யூட்டர் இல்லையே.

அடுத்து, இரண்டு மூன்று பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரிந்து, பலகையில் உள்ள சொற்களை மாற்றிப் போட்டுப் புது வாக்கியங்கள் அமைக்கட்டும். பிறகு குழுவாக வாசித்துக் காட்டட்டும். “மியர் இஸ்ட் ம்யூடெ” என்று ஒரு குழு எழுதிக்கொண்டு வரும். தப்பு என்று சொல்ல வேண்டாம். அவர்கள் வாசித்ததும் “இஹ் பின் ம்யூடெ” என்று கம்ப்யூட்டர் குரலில் திருப்பிச் சொல்லுங்கள். கேட்டவர்கள் தாங்களே பலகையைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

8. கடைசி 15 நிமிடம்: மனதில் இருப்பதைக் கேட்பது

எல்லாப் படியிலும் கடினமானது இதுதான். மொழி ஆசிரியர்கள் நமக்கு விளக்கம் சொல்லத் தெரியும், தேற்றத் தெரியும். இங்கே இரண்டும் கூடாது. சொன்னவரின் உணர்வைப் புரிந்துகொண்டு, அதை உங்கள் சொற்களில் அவரிடமே திருப்பித் தருவதுதான் வேலை.

ஒருவர் சொல்கிறார்: “எல்லாரும் மடமடன்னு பேசறாங்க. எனக்கு மட்டும் வாயே வரலை.”

வழக்கமாக நாம் சொல்வது: “அதெல்லாம் ஒண்ணுமில்லை, போகப் போகச் சரியாயிடும்.” ஆறுதலாகத் தோன்றும். ஆனால் அவர் சொன்னது ‘ஒன்றுமில்லை’ ஆகிவிட்டது. அடுத்த வாரம் அவர் இதைச் சொல்ல மாட்டார், ஒருவேளை வரவும் மாட்டார்.

சொல்ல வேண்டியது: “மத்தவங்க முன்னாடி போயிட்ட மாதிரியும் நாம பின்தங்கிட்ட மாதிரியும் இருக்கு உங்களுக்கு.” இதைக் கேட்டு அவர் “ஆமா, ஆனா…” என்று தொடர்வார். அந்த ‘ஆனா’வுக்குப் பின்னால் வருவதுதான் உங்களுக்குத் தேவையான செய்தி. ஒருவருக்கு அது வேகம், ஒருவருக்குப் பக்கத்தில் இருப்பவர் சிரித்தது, ஒருவருக்கு ‘இஹ்’ என்ற ஒலி பிடிபடாதது.

கோபமும் வரும். “பணம் கட்டிப் படிக்க வந்தா, நீங்க பின்னாடியே நிக்கறீங்க. யார் சொல்லித் தர்றது?” முதல் மூன்று வகுப்புக்குள் இதை எதிர்பார்க்கலாம். அங்கேயும் அதேதான்: “நான் முன்னாடி நின்னு நடத்துவேன்னு நினைச்சு வந்தீங்க. கைவிட்ட மாதிரி இருக்கு.” முறையை நியாயப்படுத்தத் தொடங்கினால் வழக்காடு மன்றமாகிவிடும். அதே சமயம் உண்மையிலேயே உங்களால் மாற்றக்கூடியதை அவர் கேட்டால், உதாரணமாகத் துண்டுகள் வேகமாக வருகின்றன என்றால், அடுத்த வகுப்பிலேயே மாற்றுங்கள். கேட்டுக்கொண்டு ஒன்றும் செய்யாமல் இருந்தால் கேட்டதற்கே அர்த்தமில்லை.

பேச விரும்பாதவரை விட்டுவிடுங்கள். சுற்றுமுறையில் ஒவ்வொருவராகக் கேட்டால் இதுவும் வாய்மொழித் தேர்வாகிவிடும்.

9. எப்போது விலகுவது, எப்போது திருத்துவது

கரன் மாணவரின் வளர்ச்சியை 5 கட்டமாகப் பார்த்தார்: கருவில் இருக்கும் குழந்தை போல முழுக்க உங்களைச் சார்ந்த நிலையிலிருந்து, தனித்து இயங்கும் நிலைவரை. வாரக் கணக்கில் இதை அளக்க முடியாது. ஒரே வட்டத்தில் மூன்று கட்டத்தில் மூன்று பேர் இருப்பார்கள். அடையாளங்களைப் பாருங்கள்.

முதல் கட்டத்தில் எல்லாமே உங்களிடமிருந்து வர வேண்டும். இரண்டாம் கட்டத்தில் நீங்கள் சொல்வதற்குள் ஒன்றிரண்டு சொற்களை அவரே சொல்லிவிடுவார். அந்தச் சொற்களை விட்டுவிட்டு மீதியை மட்டும் கொடுங்கள். மூன்றாம் கட்டத்தில் தமிழே இல்லாமல் ஜெர்மனில் தொடங்குவார்; நீங்கள் அருகே போனால் கையால் தடுப்பார். அந்தத் தடுப்பு அவமதிப்பு அல்ல. இரண்டடி பின்னால் போய்விடுங்கள். கேட்காத உதவி இங்கே எரிச்சலைத்தான் தரும்.

நான்காம் கட்டத்தில்தான் வெளிப்படையான திருத்தம். இப்போது அவருக்குப் பேச்சு வந்துவிட்டது. திருத்தினால் உடைய மாட்டார். சிக்கல் வேறு பக்கம் திரும்புகிறது: நன்றாகப் பேசுகிறாரே என்று நீங்கள் திருத்தத் தயங்குவீர்கள், அரைகுறைப் பழக்கங்கள் கெட்டிப்பட்டுவிடும். “களைப்பா இருக்கறதாலே” என்பதற்கு “வைல் இஹ் ம்யூடெ பின்” என்று வினை கடைசிக்குப் போக வேண்டும், ஏறக்குறைய தமிழ் போல. சரளமாகப் பேசுபவர்களும் “வைல் இஹ் பின் ம்யூடெ” என்றே பல மாதம் ஓட்டிவிடுவார்கள். ஐந்தாம் கட்டத்தில் திருத்தம் என்பது நடை, தொனி, சந்தர்ப்பத்துக்கு ஏற்ற சொல் என்ற அளவுக்கு வந்துவிடும். அப்போது அவரைப் புதியவர்களுக்கு எடுத்துக்கொடுப்பவராக வட்டத்துக்கு வெளியே நிறுத்துங்கள். தனக்குத் தெரியாதது எது என்று அவருக்கு வேகமாகத் தெரியவரும்.

10. அடுத்த வகுப்புக்கு முன் உங்கள் வீட்டுப்பாடம்

அன்று இரவே பதிவைத் தனியாகக் கேட்டு எல்லா வாக்கியங்களையும் எழுதி, நகல் எடுத்துவையுங்கள். இந்தத் தாள்கள் சேர்ந்துதான் அந்தக் குழுவின் பாடப்புத்தகம். கேட்கும்போது உங்கள் மொழிபெயர்ப்பு எங்கே நீண்டது, எங்கே மாணவர் விழுங்கினார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் விழுங்கிய இடங்களில் பெரும்பாலும் துண்டை நீங்கள்தான் நீளமாக வெட்டியிருப்பீர்கள்.

தேர்வுக்குப் போகும் மாணவர்கள் இருந்தால் பாடத்திட்டத்தின் தலைப்புகளை ஒரு பக்கத்தில் எழுதி, பேச்சில் தானாக வந்ததை எல்லாம் அடித்துக்கொண்டே வாருங்கள். ‘எனக்கு’, மறுப்பு, நடந்ததைச் சொல்வது, கேள்வி கேட்பது எல்லாம் சில வாரங்களுக்குள் அடிபட்டுவிடும். எண்கள், வழி கேட்பது, படிவம் நிரப்புவது போன்றவை வட்டத்தில் தானாக வருவது அரிது. எட்டு வாரம் பார்த்தும் வராதவற்றுக்கு மட்டும் தனியாக ஒரு வகுப்பு எடுங்கள். அது வழக்கமான வகுப்பு என்பதை மாணவர்களிடம் சொல்லிவிட்டே எடுங்கள். அடுத்த முறை வட்டம் போடும்போது, முந்தைய பதிவை ஒருமுறை ஓடவிட்டுத் தொடங்குங்கள்.